வெயிலில் இறக்கிய கறிமிளகாய்

அந்தத் திங்கட்கிழமை காலை மேசைகளைச் சுற்றி நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி நின்றார். ஹொலண்டில் பிறந்தவர். நெடிய மனிதர். கோபம் வந்தால் அவருடைய சத்தம் குறையும்.

போமன் நின்றார். எங்களை வேலை வாங்குகிறவர். போமன் என்றாலும் அவர் பெண். போர்த்துக்கல்காரி. என்னிலும் இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மணியம் அண்ணை நின்றார். யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். வாய் ஓயாது. மனம் நல்லது.

இரத்தினம் நின்றான். அவனும் யாழ்ப்பாணம். முப்பது வயது வராது. பார்க்டேலில் ஓர் அறையில் நாலு பேரோடு இருந்தான். இருட்டோடு எழும்பி, ஸ்ட்ரீற்காரும் சப்வேயும் பஸ்ஸும் மாறி, நகரத்தின் இந்தக் கோடிக்கு வேலைக்கு வருவான்.

நான் நின்றேன். மட்டக்களப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

மேசைகளில் கறிமிளகாய்க் கன்றுகள் நின்றன. அறுநூறு தட்டுகளுக்கு மேல். வெள்ளிக்கிழமை கிறீன்ஹவுஸுக்குள் கரும்பச்சையாக நின்றவை. இப்போது மேல் இலைகளில் வெள்ளைத் திட்டுகள். காய்ந்த கடதாசி மாதிரி. தொட்டால் சரசரத்தது.

இது எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம். கனடாவில் எங்கள் தோட்டம் இருந்த ரூஜ் பக்கத்தில் அப்போது இவ்வளவு வீடுகள் இல்லை. வயலும் பற்றையும் எங்களுடையதைப் போல நாற்றுத் தோட்டங்களும் இருந்தன. இப்போது அந்த இடத்தில் நம்முடைய ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். கராஜுக்கு முன்னால் கறிமிளகாய் நட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள். இலையில் மஞ்சள் விழுந்தால் என்ன, ஊதா விழுந்தால் என்ன, ஓரம் சுருண்டால் என்ன என்பதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே படத்தோடு வரும். அதை நான் சொல்லத் தேவையில்லை. இலையைச் சுற்றி நிற்கும் மனிதர் என்ன செய்வார்கள் என்பது போனில் வராது. அதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை நடந்தது இது. உள்ளே இடம் போதவில்லை. கன்றுகளை வெளியே இறக்கவேண்டும். "நாள் பார்த்து இறக்கு" என்று இரத்தினத்திடம் சொல்லிவிட்டு முதலாளி ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டார். போமனுக்கு லீவு. நானும் இரத்தினமும்தான்.

இந்த நாட்டில் எங்களுக்கு ஒரே ஒரு பயம். குளிர். முதல் மாரியில் நாங்கள் பட்டது அப்படி. ஆகவே இரத்தினம் நல்ல வெயில் நாளாகப் பார்த்தான். அன்று வானத்தில் ஒரு முகில் இல்லை. "அக்கா, இண்டைக்குத்தான் சரியான நாள். ஊர் வெயில் மாதிரி எறிக்குது" என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கனடா வெயில் ஒரு கன்றைச் சுடும் என்று யார் நினைப்பார்? அது எங்களைச் சூடாக்கவே போதாது என்று நாங்கள் சொல்லித் திரிந்த காலம்.

முதலாளி நினைத்த நாள் வேறு. தூறல் நாள். மூடிய வானம். உள்ளே வளர்ந்த இலை நேர் வெயிலைத் தாங்காது. அவருடைய ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவர் சொல்லவில்லை. எங்களுக்கு அது தெரியாது. அதனால் நாங்கள் கேட்கவில்லை.

மத்தியானம் கன்றுகள் சோர்ந்தன. இரத்தினம் முதுகில் தெளிக்கிற ராங்கியைக் கொழுவிக்கொண்டு போய் எல்லாவற்றுக்கும் தண்ணீர் தெளித்தான்.

அங்கே இரண்டு ராங்கி இருந்தது. மஞ்சள் பூச்சு அடித்தது தண்ணீருக்கு. சிவப்பு அடித்தது புல்லு மருந்துக்கு. மருந்து பட்டால் புல்லு மட்டுமல்ல, எதுவும் சாகும். வியாழக்கிழமை வேலியோரம் சிவப்பு ராங்கியால் மருந்து அடித்ததும் இரத்தினம்தான்.

இனித் திங்கட்கிழமைக்கு வருகிறேன். முதலாளியும் போமனும் பேசியது இங்கிலிஷில். எங்களுக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

முதலாளி ஓர் இலையைப் பிடுங்கிப் பார்த்தார். சத்தம் குறைந்தது.

"சனிக்கிழமை இதற்கு என்ன அடித்தாய்?"

"தண்ணீர்."

"எந்த ராங்கி?"

"மஞ்சள்."

"யார் கண்டது?"

இரத்தினம் வாய் திறக்க முதல் மணியம் அண்ணை முன்னுக்கு வந்தார். இங்கிலிஷில்தான் சொன்னார். "ஐ சீ. யெல்லோ. மை ஓன் ஐஸ்."

முதலாளி அவரைப் பார்த்தார். "சனிக்கிழமை நீ வேலைக்கு வரவில்லை."

உண்மை. சனிக்கிழமை மணியம் அண்ணை ரெக்ஸ்டேலில் ஒரு கலியாண வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். அவருடைய காற்சட்டையில் மஞ்சள் கறையைத் திங்கட்கிழமையும் காணலாம்.

அந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. அதுவரை முதலாளிக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஒருவன் பொய் சொல்லி ஒருவனைக் காப்பாற்ற வந்த பிறகு சந்தேகம் போய்விட்டது. ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"மருந்து பட்ட கன்றை நான் விற்கமாட்டேன். சனங்கள் அதில் காய்க்கிறதைச் சாப்பிடுவார்கள். குப்பை லொறியைக் கூப்பிடுகிறேன்" என்றார். பிறகு இரத்தினத்தைப் பார்த்து, "எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நீயும் போகலாம்" என்றார்.

இரத்தினத்தின் முகம் கன்றுகளைப் போலவே வெளுத்தது.

அவனுக்கு ஏன் அப்படி என்பதைச் சொல்லவேண்டும். மனைவியும் மூன்று வயதுப் பெண்பிள்ளையும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். அவனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்து அதிக காலம் ஆகவில்லை. அவர்களைக் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டிருந்தான். அடுத்த மாதம் இமிக்ரேஷனில் போய் நிற்கவேண்டும். வேலை செய்கிற ஆள் என்று காட்டவேண்டும். வேலை போனால் அந்த அலுவல் எல்லாம் திரும்ப முதலில் இருந்து. கொழும்பில் அப்போது இருந்த நிலையில் முதலில் இருந்து என்பது சின்ன விஷயம் அல்ல.

போமன் ஒரு தட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். மேல் இலையை விரலால் ஒதுக்கினார். கீழ் இலை வெளுத்திருந்தது. ஆனால் மேல் இலை மூடியிருந்த இடம் மட்டும் அதே இலையின் வடிவில் பச்சையாக இருந்தது.

"வெயில். நிழல் விழுந்த இடம் தப்பியிருக்கிறது" என்றார்.

"மருந்தும் மேலிருந்துதான் விழும். மேல் இலை மறைத்தால் கீழ் இலையில் மருந்தும் படாது" என்றார் முதலாளி.

போமன் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். போமன் இரத்தினத்தின் பக்கம். ஆனால் தான் சொன்னது போதாது என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடப் போனார்.

முதலாளி போன் எடுக்க உள்ளே போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்களுக்குள் நடந்ததுதான் எனக்குக் கஷ்டமானது.

"அக்கா, நீங்கள் நிண்டனீங்கள்தானே. மஞ்சள் எண்டு சொல்லுங்கோ" என்றான் இரத்தினம்.

"நீ தெளிச்சதைக் கண்டன் மனே. ராங்கியின்ர நிறத்தைக் காணல்ல."

"நான் சொல்லுறன், மஞ்சள்தான்."

"நீ சொல்லுறாய். நான் காணல்ல."

மணியம் அண்ணை குறுக்கே விழுந்தார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? ஒரு சொல்லு. யெல்லோ. சொன்னால் வாய் வெந்து போமே?"

"நீங்க ஏற்கெனவே ஒரு சொல்லுச் சொன்னீங்க அண்ணே. என்ன நடந்தது?"

"நான் அவன்ர நன்மைக்குச் சொன்னனான்."

"ஓம். அதான் லொறி வருகுது."

"உங்களுக்கென்ன, மட்டக்களப்பார். எங்கட பொடியன் போனால் உங்களுக்கு என்ன நட்டம்" என்றார்.

அது சுட்டது. இரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை அக்கா. நான் சொல்லுறதை நம்பினால் காணும்" என்றான்.

நான் அவனை நம்பினேன். ஆனால் முதலாளி கேட்கப்போவது நான் நம்புகிறேனா என்று அல்ல. நான் கண்டேனா என்று.

நானே முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் போனை வைத்துவிட்டு என்ன என்று பார்த்தார். என்னுடைய இங்கிலிஷ் அப்போது மிகக் குறைவு. குறைந்த சொல்லில் சொல்ல அதுவும் உதவி.

"சனிக்கிழமை நான் நின்றேன். அவன் தெளித்தான். எல்லா மேசைக்கும் தெளித்தான். கொட்டிலின் நிழல் விழுகிற கடைசி மேசைக்கும் தெளித்தான். அதைக் கண்டேன். ராங்கியின் நிறம் காணவில்லை."

"காணவில்லையா?"

"இல்லை. முதுகு மற்றப் பக்கம்."

 அவர் எழும்பி வெளியே நடந்தார். நேரே கடைசி மேசைக்குப் போனார். கொட்டிலுக்கு வடக்கே இருந்த மேசை அது. நாள் முழுக்க அதில் வெயில் விழாது.

அந்த மேசைக் கன்றுகள் கரும்பச்சையாக நின்றன. ஒரு திட்டு இல்லை.

"இதற்கும் தெளித்தான்?"

"ஓம்."

"அதே ராங்கி?"

"தண்ணீர் நிரப்பும்போதும் முதுகில் இருந்து கழற்றவில்லை. அதைக் கண்டேன்."

போமன் பின்னால் வந்து நின்றார்.  முதலாளி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மனம் இளகியது தெரிந்தது. ஆனால் முழுக்க இல்லை. ராங்கியில் மருந்து முடிந்துபோய்க் கடைசி மேசைக்கு வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்றார். கன்று அவருடையது. விற்றபிறகு பெயரும் அவருடையது. அவர் பயந்ததில் பிழை இல்லை.

அப்போது வாசலில் ஒரு பிக்அப் வந்து நின்றது. குப்பை லொறி என்று நினைத்தோம். அல்ல. ஒரு வெள்ளைக்காரப் பொடியன். நீண்ட தலைமயிர். தொப்பி. கையில் கடதாசியில் சுற்றிய ஒரு பொருள். அப்படி ஆட்கள் வருவது வழக்கம். வீட்டுச் செடிக்கு ஏதும் வந்தால் இலையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். போமன் பார்த்துச் சொல்வார்.

அவன் கடதாசியைப் பாதிதான் விரித்தான். போமன் மீதியையும் விரித்துவிட்டார். ஏழு விரல் மாதிரி விரிந்த இலை.

"உது கஞ்சா எல்லோ!" என்றார் மணியம் அண்ணை. நல்லகாலம், தமிழில்.

"என்ன செடி?" என்று முதலாளி கேட்டார்.

"தக்காளி" என்றான் பொடியன்.

"நல்ல தக்காளி" என்றார் முதலாளி.

அந்தக் காலத்தில் அது வைத்திருந்தால் பொலிஸ் பிடித்து மறியலில் போடுகிற செடி. இன்றைக்கு உங்களில் சிலர் அதே செடிக்குக் கையுறையும் தலையுறையும் போட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, பெரிய கிறீன்ஹவுஸில் வேலை செய்கிறீர்கள். சட்டம் மாறியிருக்கிறது. இலை மாறவில்லை.

அந்த இலையிலும் வெள்ளைத் திட்டு. கடதாசி மாதிரி. போமன் அதைப் பிடித்தபடி போய் எங்கள் கறிமிளகாய் இலை ஒன்றைப் பிடுங்கிவந்தார். இரண்டையும் ஒரே கையில் வைத்தார். ஒன்றுக்கு ஏழு விரல், மற்றதுக்கு ஒன்று. வெள்ளை மட்டும் ஒரே வெள்ளை.

"எங்கே வளர்த்தாய்?"

"நிலக்கீழ் அறையில். லைற்றுக்குக் கீழே."

"வெளியே எப்போது வைத்தாய்?"

"சனிக்கிழமை. நல்ல வெயில் என்று."

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"புல்லு மருந்து ஏதும் அடித்தாயா? பக்கத்து வீட்டுக்காரன் அடித்தானா?" என்று போமன் கேட்டார்.

பொடியனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதற்கு மருந்தா? நான் அதை..." என்று தொடங்கி, முதலாளியின் முகத்தைப் பார்த்து, "நான் அதைச் சலாட்டில் போடுகிறவன்" என்று முடித்தான்.

போமன் சிரித்ததை அந்த ஒரு நாள்தான் கண்டேன். கொண்டுபோய் நிழலில் வை, வேறொன்றும் செய்யாதே, இந்தச் செடியின் இலையை இனி இங்கே கொண்டுவராதே என்று சொல்லி அனுப்பினார். அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய பெயரும் தெரியாது. இரத்தினம் பிறகு பல வருடம் அவனைத் தக்காளித் தம்பி என்றுதான் சொல்வான்.

முதலாளி இரண்டு இலையையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்சத் தூரம் நடந்து திரும்பி வந்தார்.

"சரி. மருந்து இல்லை. வெயில்" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "நாள் பார்த்து இறக்கு என்றுதானே சொன்னேன். கடைக்காரன் ஐந்நூறு தட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை வியாழன் வந்து ஏற்றுவான். ஒரு தட்டுக் குறைந்தாலும் எடுக்கமாட்டான். ஐந்நூறு தேறினால் இவன் நிற்கலாம். தேறாவிட்டால் இவனை வைத்துக்கொண்டு நான் இந்த வருடம் ஓட்ட முடியாது."

கடுமையான பேச்சுத்தான். ஆனால் ஒளிவு மறைவு இல்லை. குப்பை லொறி வந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்டு வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்.

போமன் அன்று பின்னேரமே கன்றுகளுக்கு மேலே பழைய வெள்ளைத் துணி கட்டவைத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னதை நான் இன்றும் அப்படியே சொல்வேன். வெளுத்த இலை முடிந்த கதை. அது திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்க்காதே. நடுவில் குருத்தைப் பார். குருத்துப் பச்சையாக வந்தால் கன்று பிழைத்தது. அதுவரை தண்ணீரை அளவாகக் கொடு. உரம் கொடாதே. தொடாதே. ஒன்றும் செய்யாதே.

ஒன்றும் செய்யாமல் இருப்பது இந்தத் தொழிலில் பெரிய வேலை. கை அரிக்கும். நோயாளியைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க எங்களுக்கு மனம் வராது. கஞ்சி, கசாயம், ஏதாவது கொடுத்தால்தான் கவனித்தோம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். நான் கையைப் பையிலே விட்டுக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தேன். இரத்தினம் விடிய வந்ததும் துணிக்குக் கீழே குனிந்து பார்ப்பான். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வணக்கம் சொல்வான். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அளவில் குருத்து வரத் தொடங்கியது. சின்னதாக, எண்ணெய் பூசினது மாதிரிப் பளபளப்பாக. இரத்தினம் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "பாருங்கோ அக்கா, பாருங்கோ." அவன் என்னோடு கோபம் என்பதை அந்த நேரம் மறந்துபோனான்.

சனிக்கிழமை குழாயடிப் பக்கம் போனேன். அங்கே இருந்த மேசைகளில் குருத்து வரவில்லை. வந்ததும் நுனி கருகிச் சுருண்டிருந்தது. மண்ணைத் தொட்டேன். விரலில் நீலம் ஒட்டியது.

நீலம் என்றால் உரம். தண்ணீரில் கரைக்கிற நீலத் தூள்.

போமனுக்குச் சொல்ல முதல் மணியம் அண்ணையைத் தேடிப் போனேன். அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விரலைக் காட்டினேன்.

"கொஞ்சமாத்தான் போட்டனான் பிள்ளை" என்றார்.

"எப்ப?"

"புதன்கிழமை. நீங்கள் எல்லாம் சாப்பிடேக்கை. கொஞ்சம் தெம்பு வரட்டும் எண்டு. பாவம், அவன்ர மனிசி பிள்ளை..."

"கொஞ்சம் எண்டா?"

அவர் கையைக் குவித்துக் காட்டினார். வாளிக்கு ஒரு கரண்டி போடவேண்டிய தூள். இவர் இரண்டு கை போட்டிருக்கிறார். நல்ல வேளை, குழாயடி மேசைகள் முடிந்ததும் சாப்பாட்டு நேரமும் முடிந்துவிட்டது.

"அண்ணே, வெயில் சுட்ட உடம்புக்கு உப்பைப் பூசி இருக்கிறீங்க" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கண் கலங்கியது.  போமனிடம் தானே போய்ச் சொன்னார். போமன் போர்த்துக்கல் பாஷையில் ஏசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாம் விளங்கியது.

குழாயடி மேசைகளில் வெறும் தண்ணீரை ஓடவிட்டு உரத்தைக் கழுவினோம். கொஞ்சம் பிழைத்தது. கனக்கப் போய்விட்டது. இனிக் கணக்கு எங்கே நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. இரத்தினம் மணியம் அண்ணையைத் திட்டவில்லை. "விடுங்கோ அண்ணை. நீங்கள் வேணுமெண்டா செய்தனீங்கள்?" என்றான். அதைக் கேட்டு மணியம் அண்ணை இன்னும் உடைந்தார்.

இதில் எவரையும் கெட்டவராக நான் சொல்லவில்லை. அந்தக் கன்றுகளுக்கு ஆகக் கூடின சேதத்தைச் செய்தது ஒரு முகிலும் இல்லாத நாள். அடுத்த சேதத்தைச் செய்தது இரக்கம். புல்லு மருந்து ஒன்றும் செய்யவில்லை. அது வேலியோரத்தில் தன் பாட்டுக்குக் கிடந்தது. நீங்கள் ஓர் இலையைப் பார்த்து யார் செய்தது என்று கேட்க முதல், என்ன நடந்தது என்று கேளுங்கள். கண்டதைச் சொல்லுங்கள். காணாததைக் காணவில்லை என்று சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்னால்தான் முதலாவதை நம்புவார்கள்.

வியாழக்கிழமை வந்தது. கடைக்காரனின் லொறி வாசலில் நின்றது. சாரதி கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். தேறின தட்டுகளை ஒரு பக்கம், தேறாததை ஒரு பக்கம் பிரித்து வைத்திருந்தோம். பிரித்தது போமன். குருத்து நன்றாக வந்த தட்டுத்தான் தேறின பக்கம். சந்தேகமான தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மணியம் அண்ணை கெஞ்சுவது போலப் பார்த்தார். போமன் அதை வாங்கித் தேறாத பக்கம் வைத்தார்.

"யார் எண்ணுகிறது?" என்றார் போமன்.

முதலாளி இரத்தினத்தைப் பார்த்தார். மணியம் அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "அவள் எண்ணட்டும்" என்றார்.

நான் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். வாய்ப் பழக்கம். "லாபம், ரெண்டு, மூணு..."

"லாபத்தையும் ஒண்டாச் சேர்த்துத்தானே எண்ணுறீர் பிள்ளை?" என்று மணியம் அண்ணை பின்னால் நின்று மெல்லக் கேட்டார்.

"சும்மா இருங்க அண்ணே."

மேசை மேசையாகப் போனேன். ஒவ்வொரு தட்டிலும் கை வைத்து எண்ணினேன். இரத்தினம் எனக்குப் பின்னால் வந்தான். நானூறு வரைக்கும் வந்தான். பிறகு வரவில்லை. கொட்டில் சுவரோடு சாய்ந்து குந்திவிட்டான்.  நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எண் பிசகும். பிசகினால் திரும்ப எண்ணவேண்டும். திரும்ப எண்ணினால் முதலாளியும் எண்ணுவார், சாரதியும் எண்ணுவான், நாலு பேர் நாலு எண் சொல்வார்கள்.

கொட்டிலுக்கு வடக்கே இருந்த மேசையில் முடித்தேன். கையைத் துடைத்தேன். முதலாளி பேனையோடு நின்றார்.

"எத்தனை?" என்றார்.

நான் சொன்னேன். அவர் திரும்ப எண்ணவில்லை. எழுதினார்.

ஐந்நூற்று மூன்று.